ஏழேகால் அடி

பகல் பதினொன்று நாற்பதுக்கு இசைவாணி பார்த்தபோது ஆற்றில் ஏழேகால் அடித் தண்ணீர் என்று கைப்பேசி காட்டியது. ஈரத்துணிகளை வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டுவிட்டுப் பன்னிரண்டேகாலுக்குப் பார்த்தாள். ஏழேகால். அம்மா சோறு வடிக்கும்போது பக்கத்தில் நின்றபடி பன்னிரண்டரைக்கு மறுபடியும் பார்த்தாள். அப்போதும் ஏழேகால்தான். எண்ணுக்குக் கீழே, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லும் பச்சை வட்டம்.

வெளியே விடியற்காலையிலிருந்து ஒரே சீராக மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்காகக் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுப்பவள் அவள். விடுமுறை இல்லாவிட்டால் இந்நேரம் வகுப்பில் இருந்திருப்பாள். கைப்பேசியை எடுத்தே பார்த்திருக்க மாட்டாள்.

"என்னடி, சும்மா சும்மா அதையே பாக்குற? பச்சையாத்தானே இருக்கு?" என்றாள் அம்மா செவ்வந்தி.

"பச்சையாத்தாம்மா இருக்கு."

சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கருவி அளந்து அனுப்பிய எண்களின் பட்டியலைத் திறந்தாள். 7.25. அதற்குக் கீழே 7.25. அதற்கும் கீழே 7.25. பத்து வரியும் அப்படியே. ஓடுகிற ஆறு அப்படி நிற்காது. பாலத்தூணில் மோதித் தளும்பும், ஒரு விரற்கடை ஏறும், அரை விரற்கடை இறங்கும். வெயில் காலத்தில் கூட அந்த எண் கொஞ்சம் துடித்துக்கொண்டேதான் இருக்கும். இந்த மழையில் ஐம்பது நிமிடமாக அசையாமல் நிற்கிறதென்றால், அது ஆற்றின் எண் அல்ல.

அவள் வாழும் ஆலத்தங்குடி கீழத்தெரு பாமணியாற்றின் வளைவில், கரைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. நூற்று நாற்பது வீடுகள். ஒரு தலைமுறைக்கு முன்னால் அத்தனை பேரும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இப்போது பாதிப் பேருக்குச் சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் கரை உடைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது, வருகிறது என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் இசைவாணி, மன்னார்குடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கட்டற்ற மென்பொருள் குழுவில் இந்தப் பேச்சை எடுத்தாள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று மென்பொருள் எழுதுகிறவர்களின் குழு அது. பன்னிரண்டு பேர். அவர்களில் ராம்கி, நகரத்திலேயே வீட்டிலிருந்து ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். இரண்டு பேருமாக உட்கார்ந்து 'கரைக்காவல்' என்று ஒன்றை எழுதினார்கள். பாலத்தடியில் ஒரு பெட்டி தண்ணீர் மட்டத்தை அளக்கும். ஒன்பது அடியைத் தொட்டால் எல்லா வீட்டுக்கும் தொலைபேசி அழைப்பு போகும், தண்ணீர்த் தொட்டி மேலிருக்கும் சைரன் ஒலிக்கும்.

அந்தப் பெட்டி அடிக்கடி முடங்கிப்போனது. செய்தியை அனுப்பும் பகுதிக்குத் தன்னார்வலர்கள் எழுதியிருந்த நிரல் வாரத்துக்கொரு முறை உறைந்து நின்றது. பத்து நிமிடம் பெட்டியிடமிருந்து சேதி இல்லையென்றால் சைரன் ஒலிக்கட்டும் என்று இசைவாணி எழுதி வைத்திருந்தாள். அதனால் ஆற்றில் முழங்கால் தண்ணீர் கூட இல்லாத நாளிலும் ஊர் அலறியது. நாலாவது வாரம் யாரோ தொட்டியில் ஏறி, சைரனின் வாயில் சாக்கை வைத்து அடைத்துவிட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் ராம்கி ஒரு கம்பெனிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"ஊரே காதப் பொத்திக்கிட்டா நம்ம கொள்கைய வச்சு என்ன வாணி பண்றது? ஓடுற பொருள் வேணும்."

"உள்ள என்ன இருக்குன்னே தெரியாத பெட்டியப் பாலத்துல மாட்டச் சொல்றியா? அது நின்னா நம்மால என்ன செய்ய முடியும்?"

"நிக்காது. எத்தனையோ ஊர்ல ஓடுது."

"நிக்கும். நிக்கிறப்ப நம்மகிட்ட சொல்லிட்டு நிக்காது."

கை தூக்கச் சொன்னார்கள். பதினோரு கைகள் உயர்ந்தன. அவள் தூக்கவில்லை. அன்றே விலகிப் போயிருக்கலாம். போகவில்லை. தன் ஊருக்கு எச்சரிக்கை மணி வேண்டும், அது யாருடைய மணியாக இருந்தால் என்ன என்று அன்று மாலை பேருந்தில் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுதியதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டுத் தொலைபேசி எண்களையெல்லாம் அந்தக் கம்பெனியின் சர்வரில் ஏற்றினார்கள். இரண்டு மழைக்காலம் அது ஒரு முறைகூடப் பிசகவில்லை. பெட்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அவளே வீடு வீடாகப் போய்ப் பச்சை வட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். அழைப்பில் பேசும் குரல்கூட அவளுடையதுதான்.

ராம்கி இரண்டாவது மணியில் எடுத்தான்.

"ஸ்டெடியா இருக்குன்னா நல்லதுதானே?"

"ராம்கி, ஐம்பது நிமிஷமா ஒரே நம்பர். ஒரு புள்ளி கூட மாறல. லிஸ்ட்டத் தொறந்து பாரு."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.

"ராம்கி?"

"பாத்துட்டேன்." அவன் குரல் சுருங்கியிருந்தது. "சர்வருக்குள்ள போக முடியல. 'பராமரிப்பு நடக்கிறது'ன்னு போட்டிருக்கான். கடைசியா வந்த நம்பர அப்படியே மாட்டி வச்சிருக்கான்."

"நான் பாலத்துக்குப் போறேன்."

பாலம் ஒன்றரை கிலோமீட்டர். ஆற்றங்கரை மண்பாதையில் ஸ்கூட்டர் இரண்டு முறை சறுக்கியது. மூன்றாவது முறை விழுந்தாள். வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு நடந்தாள். வழக்கமாகக் கரையில் நின்றால் தண்ணீர் கீழே எங்கோ ஓடும். இப்போது பக்கத்தில் நடந்து வரும் ஆள் மாதிரி, பாதைக்கு ஓரடி கீழே ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், சத்தமில்லாமல். வெங்காயத்தாமரைக் கூட்டங்கள் வேகமாக வந்து பாலத்தின் கண்களில் அடைந்து நின்றன.

தூணில் வெள்ளை பெயிண்ட்டில் எழுதிய எண்களைத் தேடினாள். ஏழு இல்லை. எட்டு இல்லை. ஒன்பதும் இல்லை. பத்தின் மேல்பாதி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்து தெரிந்து மறைந்தது. கரையின் உயரம் பதினொன்று.

அளவுகோலுக்கு மேலே கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்த கம்பெனிப் பெட்டியில் சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. உயிரோடு இருப்பதுபோல. ராம்கியை மறுபடி அழைத்தாள்.

"பத்தடி ராம்கி. பத்தடி. நம்மளே எல்லாருக்கும் கால் போடு. இப்பவே போடு."

"எப்படிப் போடறது? முந்நூத்துப் பன்னெண்டு நம்பரும் அவன் சர்வர்ல இருக்கு. நம்மகிட்ட இருந்த லிஸ்ட்டு ரெண்டு வருஷம் பழசு, அதுல பாதிப் பேரு நம்பர மாத்திட்டாங்க. லிஸ்ட்டக் கேட்டு கோரிக்கை அனுப்புனேன். ரெண்டு வேலை நாள்ல பதில் வரும்னு தானா ஒரு மெயில் வந்திருக்கு."

அவள் இரண்டு வருடத்துக்கு முன் சொன்னதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்ல நேரமில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் கிளம்பிட்டேன்," என்றான். "பொதுப்பணித்துறை ஆபீஸுக்குச் சொல்லிட்டேன். மணல் மூட்டையோட ஆள் வருது, ஆனா வேற ஒரு எடத்துல ஏற்கெனவே உடைப்பாம். ரெண்டு மணி நேரமாவது ஆகும்னாங்க. நீ ஊரக் கிளப்பு."

எப்படிக் கிளப்புவது? ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் இல்லாத ஒரே ஆள் அவள்தான். உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாத எதையும் தன் கைப்பேசியில் ஏற்றுவதில்லை என்பது அவளுடைய பிடிவாதம். வாட்ஸ்அப் தெரியாத கம்ப்யூட்டர் டீச்சர் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

பாலத்திலிருந்து மேட்டுச் சாலையில் ஓடினாள். பள்ளிவாசலுக்கு எதிரில் நஜ்மாவின் தையல்கடை. இருவரும் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு.

"என்னடி இது, சேறும் சகதியுமா?" நஜ்மா மிஷினை விட்டு எழுந்தாள்.

"ஒன் போனக் குடு. ஊர் குரூப்பத் தொற. நான் பேசணும்."

நஜ்மா குரல்பதிவை அழுத்திப் பிடித்து நீட்டினாள். இசைவாணி பேசினாள். மூச்சு வாங்கியது, சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இருந்தாலும் பேசி முடித்தாள். கீழத்தெரு ஆட்கள் உடனே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். தண்ணீர் பத்தடி.

அரை நிமிடத்தில் பதில்கள் வந்தன. முதல் பதில் ஒரு படம். அவளுடைய கரைக்காவல் திரையைப் படம் பிடித்து யாரோ போட்டிருந்தார்கள். ஏழேகால் அடி, பச்சை. 'ஆப்ல சரியாத்தானே இருக்கு?' அடுத்தது: 'வதந்தி பரப்பாதீர்கள்.' அதற்குக் கீழே கும்பிடும் கைகள் மூன்று, சிரிப்புப் பொம்மை ஒன்று.

நஜ்மா திரையைப் பார்த்தாள். பிறகு தோழியின் முகத்தைப் பார்த்தாள். "வா," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் நஜ்மாவின் மாமனார். வாசலிலேயே விஷயத்தைக் கேட்டுவிட்டு, மைக்கை இயக்கி, வெளி வராந்தாவரை வயரை இழுத்து இசைவாணியிடம் கொடுத்தார். "நிதானமா சொல்லும்மா. ஒன் பேரச் சொல்லிச் சொல்லு."

"நான் கீழத்தெரு செவ்வந்தி மக இசைவாணி பேசறேன். ஆத்துல பத்தடித் தண்ணி ஓடுது. என் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன். போன்ல பச்சை காட்டுறது பொய். நான் வச்ச கருவி வேலை செய்யல. அத நம்பாதீங்க. வீட்ட விட்டுக் கிளம்புங்க."

நம்பாதீங்க என்ற சொல் ஒலிபெருக்கியில் போய், மழையில் எங்கோ மோதி, அவளிடமே திரும்பி வந்தது.

அதன் பிறகு தெருவில் கதவுகள் திறந்தன. செவ்வந்தி முதல் ஆளாக இரண்டு வீட்டுக் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். தலையில் மூட்டை, கக்கத்தில் கோழி, பிளாஸ்டிக் உறைக்குள் பட்டாவும் ஆதாரும். இசைவாணி ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டு தெருவின் கோடிவரை போனாள். கோடியில், கரையின் சரிவை ஒட்டினாற்போல் பஞ்சநதம் பெரியப்பாவின் வீடு. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். மகன் சிங்கப்பூரில். முதலில் குத்தகைக்கு உழுது, பிறகு அதே நிலத்தில் ஒரு ஏக்கரைச் சொந்தமாக்கியவர். சைரனைச் சாக்கு வைத்து அடைத்தபோது தெருவிலேயே அவர் ஒருவர்தான், "பச்சப்புள்ள நமக்காகப் பாடுபடுது, கொஞ்சம் பொறுத்தாத்தான் என்ன?" என்று அவளுக்காகச் சண்டை போட்டவர்.

அவர் கொட்டகையில் நின்று மாடுகளுக்கு வைக்கோல் உருவிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, கிளம்புங்க. தண்ணி பத்தடி தாண்டிருச்சு."

"மைக்குல கேட்டேன் வாணி. இரு." கையைத் துண்டில் துடைத்துவிட்டு, மாடத்தில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியை எடுத்துக் காட்டினார். "ஏழேகால்தானே போட்டிருக்கு."

"அது பொய் பெரியப்பா."

"ஏன் பொய் சொல்லப்போவுது? நீ வச்சதுதானே."

"நான் வச்சதுதான். செத்துப்போச்சு. செத்தது தெரியாம பழைய நம்பரையே காட்டிக்கிட்டு நிக்குது."

அவர் சிரித்தார். பெரிய மனிதர்கள் குழந்தைகளைச் சமாதானப்படுத்தும் சிரிப்பு. "போன வருஷமும் இப்படித்தான் மழை ஊத்துச்சு. அத்தன பேரும் மூட்டை கட்டுனாங்க. நான் இதப் பாத்துட்டு வீட்டுலயே இருந்தேன். ஒண்ணும் ஆவல. நீதானம்மா சொன்ன, ஆளு சொல்றதக் கேட்டு ஓடாதீங்க, இது அளந்து சொல்லுதுன்னு?"

சொல்லியிருந்தாள். இதே கொட்டகையில் நின்று, இதே சொற்களில். இப்போது அவள் வெறும் ஆள். அவர் கையில் இருப்பது அளந்து சொல்லும் கருவி. தன்னைவிடத் தன் பொய்யை இவர் அதிகம் நம்புகிறார் என்று தெரிந்தபோது, ஆற்றைப் பார்த்து வந்ததைவிடப் பெரிய பயம் அவளைப் பிடித்தது.

அவர் கையைப் பற்றி இழுத்தாள். "ஒரே ஒரு நிமிஷம் வாங்க. கரை அடியில காலை வச்சுப் பாருங்க. அப்பறமும் இருக்கலாம்னா இருங்க."

வந்தார். கொட்டகைக்குப் பின்னால் கரையின் உட்சரிவில் புல் முளைத்திருந்த இடத்தில் வெறுங்காலை வைத்தார். கால் கணுக்கால்வரை இறங்கியது. எடுத்தார். குழிக்குள் மண் கலங்கிய தண்ணீர் மெல்லச் சுரந்து நிரம்பியது. ஐம்பது வருடம் சேற்றில் நின்ற கால் அது. வேறு யாரும் அவருக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்று, பின் வடிந்தது.

"ஊத்து எடுத்துருச்சு. கரை நிக்காது," என்றார் தாழ்ந்த குரலில். கையிலிருந்த கைப்பேசியை ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பி ஓடினார், மேட்டுக்கு அல்ல, மாட்டுக் கொட்டகைக்கு.

"பெரியப்பா! மாட்ட விடுங்க!"

"கட்டுத்தறியில விட்டுட்டு வரச் சொல்றியா? நீ கன்னுக்குட்டியப் புடிச்சுக்கிட்டு போ. பசு ரெண்டையும் நான் ஓட்டிக்கிட்டு வரேன்."

கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் தெருவின் பாதிவரை வந்திருப்பாள். பின்னால் ஒரு சத்தம். இடி மாதிரியெல்லாம் இல்லை. ஈரச் சாக்கு மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்டால் கேட்குமே, அப்படி. திரும்பிப் பார்த்தாள். பெரியப்பாவின் கூரைக்குப் பின்னால் கரையில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு வானம் தெரிந்தது. அந்த இடைவெளி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்றது. அதன் வழியாக ஆறு உள்ளே இறங்கியது.

கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு, இடுப்பை அடித்தபோது சாலை மேடு வந்துவிட்டது. யாரோ கையைக் கொடுத்து மேலே இழுத்தார்கள். அம்மாவின் கை.

"எல்லாரும் வந்தாச்சா? எல்லாரும் வந்தாச்சா?" அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பஞ்சநதத்தக் காணும்," என்றாள் செவ்வந்தி.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான் இருந்தது. அதற்கு அப்பால் தென்னை ஒன்று சாய்ந்து நின்றது. அதன் நடுமரத்தை ஒரு மனிதர் கட்டிப்பிடித்திருந்தார். தலையும் ஒரு தோளும் தெரிந்தன. உடைப்பிலிருந்து வரும் தண்ணீர் மரத்தில் மோதி இரண்டாகப் பிரிந்து அவருடைய முகத்தில் அடித்தது. மரம் ஒவ்வொரு மோதலுக்கும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

ராம்கி அப்போதுதான் காரை நிறுத்திவிட்டு இறங்கினான். தென்னையைப் பார்த்தான், சாலையில் நின்ற டிராக்டரைப் பார்த்தான். அதில் கிடந்த தார்ப்பாய்க் கயிற்றை எடுத்து ஒரு முனையை டிராக்டரில் கட்டச் சொல்லி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றினான். அவன் விரல்கள் முடிச்சைத் தவறவிட்டன. இசைவாணி வாங்கிக் கட்டினாள்.

"ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"இந்த ஆத்துலதான் கத்துக்கிட்டேன்." அவன் உதடு வெளுத்திருந்தது. "விட்டுராத வாணி. என்ன ஆனாலும் கயித்த விட்டுராத."

மேலே தள்ளிப் போய், சாலை வளைகிற இடத்தில் இறங்கினான். நீரோட்டம் அவனைத் தூக்கிக்கொண்டு தென்னையை நோக்கிப் போனது. இசைவாணியும் நாலு பேரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கயிறு கையை அறுத்தது. ஒரு மிதக்கும் கூரைக்கீற்று வந்து அவன்மேல் மோதியது. தலை மறைந்தது. கயிறு தொய்ந்தது.

அந்தத் தொய்வு எவ்வளவு நேரம் இருந்தது என்று பின்னால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். இசைவாணிக்கு அது ஒரு கணக்கில் அடங்கவில்லை. கையில் கனமே இல்லாமல் கிடந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒரே ஒரு முறை, அந்தக் கூட்டத்தில் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தால் என்று நினைத்தாள்.

கயிறு விறைத்தது. தென்னைக்குப் பக்கத்தில் ராம்கியின் தலை வந்தது. அவன் பெரியவரின் பின்னாலிருந்து கையைக் கோத்துக் கட்டிப்பிடித்தான். பெரியவர் மரத்தை விட மாட்டேன் என்றார். இங்கிருந்தே தெரிந்தது. ராம்கி அவருடைய காதில் ஏதோ கத்தினான். பிறகு இருவரும் மரத்தை விட்டார்கள். டிராக்டர் பின்னால் நகர்ந்தது, கயிறு இழுத்தது. சாலைச் சரிவில் இரண்டு உடல்கள் சேற்றோடு சேறாக ஏறி விழுந்தன. இரண்டும் இருமின.

மரம் கால் மணி நேரம் கழித்து விழுந்தது.

யாரும் சாகவில்லை. பெரியப்பாவின் பசுக்கள் இரண்டும் போயின. நாற்பது வீடுகளின் சுவர் கரைந்தது. சம்பாப் பயிர் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பஞ்சநதம் விலா எலும்பில் கட்டுடன், மூன்றாம் வகுப்பறையின் மூலையில் படுத்திருந்தார். இசைவாணி கஞ்சி கொண்டுபோனால் வாங்கிக் குடிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணி. வரிசையில் நின்று சாப்பாட்டுக்குத் தட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாருடைய கைப்பேசியோ ஒலித்தது. உடனே இன்னொன்று. அப்புறம் பள்ளிக்கூடம் முழுக்க, பையிலும் மடியிலும் சன்னல் விளிம்பிலும் இருந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன. எடுத்தவர்கள் காதில் ஒரே குரல். இசைவாணியின் குரல். 'ஆற்றில் தண்ணீர் ஒன்பது அடியைத் தாண்டிவிட்டது. உடனே மேடான இடத்துக்குச் செல்லுங்கள்.'

மூன்று நாள் தூங்கிய சர்வர் விழித்துக்கொண்டு, அனுப்பாமல் வைத்திருந்ததை அனுப்பியது. அதை அவள் புரிந்துகொள்வதற்குள் தட்டுகள் தரையில் உருண்டன. பெண்கள் பிள்ளைகளைத் தேடி அலறினார்கள். ஒரு வயதான அம்மாள் மாடிப்படியில் தடுக்கி விழுந்தார். "ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்ல! பழைய செய்தி!" என்று இசைவாணி தொண்டை கிழியக் கத்தினாள். அவள் கத்துகிற குரலும் கைப்பேசியில் பேசுகிற குரலும் ஒன்றாகவே இருந்ததால், எதைக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ராம்கி நெற்றித் தையலோடு வந்தான். கம்பெனியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், தங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது. அவன் அதைப் படித்துக் காட்டிவிட்டு மடித்தான்.

"நீ அன்னைக்கே சொன்ன. நான் கேக்கல," என்றான் எல்லார் முன்னாலும்.

அந்தச் சொல்லுக்காக இரண்டு வருடம் காத்திருந்ததாக அவள் நினைத்திருந்தாள். கிடைத்தபோது அது ஒன்றுக்கும் உதவவில்லை.

"என் பெட்டி அங்க இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாத்தேன்," என்றாள். "அது உறைஞ்சிருக்கும். சைரன் அலறியிருக்கும். ஊர் படுத்துக் கெடந்திருக்கும். அப்ப நான் மட்டும் சரியா? கடைசியில மைக்கும் நஜ்மாவோட வாட்ஸ்அப்பும்தான் ஆளக் கிளப்புச்சு. அந்த வாட்ஸ்அப் என்கிட்ட இல்லைன்னு கால் மணி நேரம் போச்சு. அந்தக் கால் மணி நேரத்துல மாடு ரெண்டும் வெளிய வந்திருக்கும்."

"அதுக்காக மூடுன பெட்டியே போதும்னு சொல்றியா?"

"இல்ல. இனிமே சத்தியமா கூடாது."

"அப்ப ஆளுங்களுக்குக் கால் போடறதுக்கு மட்டும் வெளி சர்வீஸ்தான் வேணும். நம்ம எழுதுனா அது ஓடாது, வாணி. எனக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம்வரை சண்டை போட்டார்கள். அடுத்த ஞாயிறும் போட்டார்கள். கம்பெனிப் பெட்டியைப் பிரித்து, அளக்கும் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த மற்றதையெல்லாம் எடுத்துவிட்டுத் தங்கள் நிரலை வைத்தார்கள். உறைந்துபோகும் கோளாறைக் கண்டுபிடிக்க ராம்கி ஐந்து வாரம் உட்கார்ந்தான். வேறு மாநிலத்தில் அதே நிரலைப் பயன்படுத்திய ஒருவர் பாதி வழி காட்டினார். அழைப்புக்கு வெளிச் சேவைதான். அதற்கு இசைவாணி தலையாட்டினாள். ஆனால் எண்களின் பட்டியல் குழுவிடமும், அச்சடித்த பிரதியாக நஜ்மாவின் கடையிலும் இருக்க வேண்டும் என்றாள். தன் கைப்பேசியில் வாட்ஸ்அப்பை ஏற்றினாள். மனம் ஒப்பவில்லை. இப்போதும் ஒப்பவில்லை.

சேதி வராவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் கடைசிவரை இழுபறி. சைரன் வேண்டாம் என்று முடிவாயிற்று. பழைய எண்ணைக் காட்டக் கூடாது என்றும் முடிவாயிற்று. திரையில் எண்ணே இருக்காது. வீடுகளுக்கு ஒரு குரல் போகும். அதை இசைவாணி பதிவு செய்தாள். ஆறாவது முறைதான் குரல் நடுங்காமல் வந்தது. 'கருவியிடமிருந்து சேதி இல்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியவில்லை. யாராவது பாலத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.'

"இதக் கேட்டா யாரு நம்மள மதிப்பாங்க?" என்றான் ராம்கி.

"மதிக்க வேணாம்," என்றாள்.

தை மாதத்தில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தது. இரண்டாம் நாள் பிற்பகல் மின்சாரம் போய்ப் பெட்டி பேசாமல் நின்றது. முந்நூற்றுச் சொச்சம் எண்களுக்கும் அந்தக் குரல் போனது. இசைவாணி கல்லூரியில் இருந்தாள். பத்து நிமிடத்தில் நாற்பது அழைப்புகள் வந்தன. தெரியவில்லை என்று சொல்ல ஒரு கருவியா, இதற்கா பாடுபட்டாய் என்று திட்டினார்கள். வகுப்புக்கு வெளியே தூணில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பதில் சொன்னாள். பேருந்து நிலையத்துக்கு ஓடலாமா, ஓடினாலும் ஊர் போய்ச் சேர முக்கால் மணி நேரமாகுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த அழைப்பில் பஞ்சநதம் பெரியப்பாவின் பெயர் வந்தது. இரண்டு மாதமாக அவளிடம் பேசாதவர். பின்னால் மழைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன.

"வாணி, பாலத்துல நிக்கிறேன். எட்டு தெரியுது. ஏழு முழுகியிருக்கு."

"ஏறுதா, எறங்குதா பெரியப்பா?"

"எறங்குற மாதிரிதான் தெரியுது."

"மாதிரியா?"

"ஒரு குச்சி நட்டு வச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொல்றேன்."

"இருங்க பெரியப்பா. போன வைக்காதீங்க," என்றாள். அவரும் வைக்கவில்லை. இரண்டு முனையிலும் பேசாமல் காத்திருந்தார்கள்.